ஐ:012/05: ஒரு முகவரியின் பயணம்

கும்பளங்கிக் காயலைச் சுற்றிய கொச்சி வட்டாரத்தில், குறிப்பாக அரூர் பக்கம், இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றும் ஆலைகள் பல. அப்படியோர் ஆலையின் அம்மோனியா கம்ப்ரசரை நினைத்துக்கொள்வோம். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் அதன் பக்கத்திலுள்ள சின்ன ஸ்விட்ச் திறந்துகொள்ளும். அந்தச் சேதி ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யை எட்ட ஒரு இன்புட் கார்டும் ஒரு முகவரியும் வேண்டும். கார்டு பழசானால் கழற்றிவிடலாம். முகவரியின் ஆயுள் அதைவிட நீளம்.

ரிலே பேனல் காலத்தில் முகவரி என்று எதுவும் இல்லை. எந்த ஒயர் எங்கே போகிறதோ அதுதான் தர்க்கம். வேலை மாறினால் ஒயரை மாற்ற வேண்டும். 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு மாற்று கேட்டது. அதே ஆண்டின் முதல் நாளில்தான் பொறியாளர் டிக் மார்லி தன் கட்டுப்பாட்டுக் கருவியின் வரைவை எழுதியிருந்தார். அவருடைய நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அதற்கு மோடிகான் 084 என்று பெயர். அன்றிலிருந்து ஒயரின் பயணம் கார்டோடு நின்றது. அங்கிருந்து எண் கிளம்பியது.

அலன்-பிராட்லியின் பி.எல்.சி-5 அந்த எண்ணை எட்டின் அடிமானத்தில் அமைத்தது. ஐ:012/05 என்றால் இன்புட், ரேக் 01, குரூப் 2, பிட் 05. இதில் 8, 9 கிடையாது. 07-க்கு அடுத்தது 10. 8 பாயின்ட் கார்டுகள் இருந்தபோது இரண்டு ஸ்லாட்டுக்கு ஒரு குரூப் போதும். குரூப் எண் 0-இல் தொடங்குவதால், நம் ஸ்விட்ச் இடமிருந்து ஐந்தாவது ஸ்லாட்டில் ஐ:012/05 என்று குடியிருந்தது.

பிறகு 16 பாயின்ட் கார்டு வந்தது. அதே ரேக்கில் இரட்டிப்பு சென்சர்கள், நல்ல லாபம்தான். ஆனால் ஒரே குரூப்பில் இரண்டு 16 பாயின்ட் இன்புட் கார்டுகளைச் செருகினால் இரண்டும் அதே 16 பிட்டுகளுக்குச் சண்டை போடும். ஆகவே ரேக்கின் பின்பலகையிலுள்ள சின்ன ஸ்விட்சுகளைத் தள்ளி, ஸ்லாட்டுக்கு ஒரு குரூப் என்று மாற்ற வேண்டும். தள்ளிய கணமே ரேக் முழுக்கப் பழைய கதவெண், புதிய கதவெண் கதைதான். கம்ப்ரசர் ஸ்விட்ச் இப்போது ஐ:014/05. புரோகிராம் இன்னும் ஐ:012/05-ஐப் படித்துக்கொண்டிருந்தால், அது மூன்றாவது ஸ்லாட்டின் சென்சரை எண்ணெய் அழுத்தம் என்று நம்பும். கார்டின் விளக்குகள் சரியாகவே எரியும். எந்த ஃபால்ட்டும் வராது. எனக்கு இதில் பயமே அதுதான்: எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் ஓடிக்கொண்டேயிருக்கலாம்.

திருத்துவதிலும் ஒரு வரிசை உண்டு, கடைசி குரூப்பிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் ஐந்தாவது ஸ்லாட்டின் 012 எல்லாம் 014 ஆகும். பிறகு பழைய 014-களை 020 ஆக்கும்போது புதிதாக வந்தவையும் சேர்ந்து போய்விடும். ஒயர்களும் நகரும்: ஒயர்களைத் தாங்கும் 8 பாயின்ட் கார்டின் ஸ்விங் ஆர்ம் 16 பாயின்ட் கார்டுக்குப் பொருந்தாது. உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளை வெட்டிப் புது லக் போட அதுவே நல்ல சமயம்.

2017-இல் பி.எல்.சி-5 விற்பனையை, அலன்-பிராட்லியின் உரிமையாளரான ராக்வெல் நிறுத்தியது. அதற்கு முன்பே அதன் அடுத்த தலைமுறையாக வந்துவிட்ட கண்ட்ரோல்லாஜிக்ஸில் எண்ணின் இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது. லோக்கல்:4:ஐ.டேட்டா.5 என்ற இடத்துக்கு "கம்ப்ரசர் எண்ணெய் அழுத்தம்" என்று பொருள்படும் டேக் வைக்கலாம். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் டேக்குகளை இடத்தோடு இணைக்கும் அலையஸ்களைத் திருத்தினால் போதும், லேடர் புரோகிராமைத் தொட வேண்டாம். பழைய ஸ்விங் ஆர்மையே பொருத்திக்கொள்ளும் மாற்றுக் கட்டைகளும் வந்தன. ஒயர் அசையாமல் ஆலை அடுத்த தலைமுறைக்குப் போக முடிந்தது.

அப்போது பழைய எண்ணை அழித்துவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புரோகிராமில் ஐ:014/05 ஆன பிறகும், ஒயரின் ஃபெர்ரூலிலும் வரைபடத்திலும் இரவு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியனின் நினைவிலும் இருப்பது ஐ:012/05 தான். டேக்கின் விளக்கத்தில் அதையும் எழுதி வையுங்கள். பிறகு ஒருவர் கம்ப்ரசர் பக்கத்தில் ஸ்விட்சைத் திறக்க, மற்றவர் திரையில் அந்த டேக் விழுவதைப் பார்த்து, பட்டியலில் ஒவ்வொரு வரியாக டிக் செய்யட்டும். அதுவரை கம்ப்ரசரை ஓட்ட அனுமதி தர வேண்டாம்.