பொந்தியானாக் படங்களும் என் பாட்டியின் கண்ணீரும்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்னர் நடைபெற்ற மாணவர் பாசறையில், இரவு உணவுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு பேய்க்கதை சொல்லுமாறு வற்புறுத்தினர். நானும் இணங்கினேன். மறுவாரம் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். "ஐயா, நீங்கள் கதை சொன்ன நாளிலிருந்து என் மகள் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள். தமிழாசிரியர் சொல்லக்கூடிய கதையா இது?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும், அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன கதை பொந்தியானாக் கதை. அதைச் சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியில் கூறுகிறேன். அதற்குமுன், நம் நாட்டு மக்களை மூன்று தலைமுறைகளாக அஞ்சவைத்துக்கொண்டிருக்கும் இப்பேய் திரைக்கு வந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மலாய் மக்களின் பேய் நம்பிக்கைகள் எழுத்தில் பதிவானது நெடுநாளைக்கு முன்பே. மலாக்காவில் பிறந்தவரும், தமிழ்க் குருதி கலந்தவரும், தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இந்நம்பிக்கைகளைப் பற்றி எழுதியுள்ளார். அவர் அவற்றை நம்பி எழுதவில்லை. மக்களின் அறியாமையைச் சாடவே எழுதினார். பின்னர் 1900ஆம் ஆண்டில் வால்டர் ஸ்கீட் என்னும் ஆங்கில அதிகாரி மலாய் மந்திர வழக்கங்களைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். அந்நூலில் வியப்பான செய்தி ஒன்று உள்ளது. மகப்பேற்றில் மாண்ட பெண் 'லங்சுயிர்' ஆகிறாள். இறந்தே பிறந்த அவளுடைய குழந்தைதான் 'பொந்தியானாக்' ஆகிறது. அவ்வாறு நேராதிருக்க, இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகளை இடுவார்களாம். இரு அக்குள்களிலும் கோழி முட்டையை வைப்பார்களாம். உள்ளங்கைகளில் ஊசிகளை வைப்பார்களாம். வாய் திறந்து அலறாமலும், கைகளை விரித்துப் பறக்காமலும் இருக்கவே இவ்வளவு ஏற்பாடும். தாய், சேய் என்ற இரு பேய்களும் காலப்போக்கில் ஒன்றாகி, பொந்தியானாக் என்றாலே நீண்ட கூந்தலும் வெள்ளுடையும் கொண்ட பெண் என்றாகிவிட்டது. அவ்வடிவத்தை மக்கள் மனத்தில் ஆழப் பதியவைத்ததில் திரைப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

1953இல் ஹோ ஆ லோக், லோக் வான் தோ ஆகிய இருவரும் இணைந்து சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதற்குப் போட்டியாக ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் இருந்தது, அங்கே பி. ரம்லி என்னும் மாபெரும் கலைஞர் இருந்தார். போட்டியாளரிடம் பி. ரம்லி இருக்கையில் கேத்தே கெரிஸ் எதைக்கொண்டு மக்களை ஈர்ப்பது? விடையாக வந்தது 1957 ஏப்ரலில் வெளியான 'பொந்தியானாக்'. மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களே இருந்தன. படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அக்கால மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்களே என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. நாயகியாக நடித்தவர் மரியா மெனாடோ. கதையை எழுதியவர் அவருடைய அந்நாளைய கணவர் அப்துல் ரசாக்.

கதை இதுதான். முதியவர் ஒருவர் ஆதரவற்ற பெண்குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து வளர்க்கிறார். அவள் கூனுடனும் அழகற்ற தோற்றத்துடனும் வளர்கிறாள். முதியவர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற மருந்தைக் குடித்து அவள் பேரழகியாகிறாள். ஆனால், மனிதக் குருதியை ஒருபோதும் சுவைக்கக்கூடாது என்பது விதி. அவள் மணம்புரிகிறாள், இனிதே வாழ்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்கச் சொல்லி அவன் கதறுகிறான். அவள் உறிஞ்சுகிறாள். குருதி நாவில் படுகிறது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். கணவனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள் அவள். அவள் செய்த குற்றம் என்ன? பேராசையா? பழிவெறியா? ஒன்றும் இல்லை. இப்படத்தின் அச்சம் கோரைப் பற்களில் இல்லை; இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பார்வையாளர் அவளைக் கண்டு அஞ்சும் அதே வேளையில் அவளுக்காக வருந்தவும் செய்கின்றனர். இரண்டும் சேரும்போதுதான் அச்சம் வீடுவரை கூடவே வருகிறது என்பது என் கருத்து.

பெரும்பாலும் ஆங்கிலப் படங்களைத் திரையிட்டுவந்த கேத்தே அரங்கில் அம்மலாய்ப் படம் வாரக்கணக்கில் ஓடியது. மலாய்க்காரர் மட்டுமன்றிச் சீனரும் இந்தியரும் திரண்டு சென்று கண்டனர். அதே 1957இல் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ச்சிகள் வந்தன. ஷா நிறுவனம் வாளாவிருக்குமா? 1958இல் 'அனாக் பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் எண்ணெய் மனிதனாகிய 'ஓராங் மின்யாக்' மீது இரு நிறுவனங்களும் பாய்ந்தன. கேத்தே கெரிஸுக்காக எல். கிருஷ்ணன் ஒரு படம் எடுத்தார், ஷாவுக்காக பி. ரம்லி தாமே இயக்கி நடித்து 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்தார். பி. ரம்லி படத்தின் நாயகனும் ஒரு கூனன், ஊராரால் இகழப்பட்டவன் என்பதைக் கவனியுங்கள். உடற்குறையால் ஒதுக்கப்பட்டவர்களே பேயாகின்றனர். யார் யாரை அஞ்சினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1960களின் நடுப்பகுதிவரை இவ்வரிசை நீண்டது. பிறகு கூடங்கள் ஓய்ந்தன. ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடப்பட்டது. கேத்தே கெரிஸ் 1972இல் படத் தயாரிப்பை நிறுத்தியது. மிகவும் வருந்தத்தக்க செய்தி, 1957இல் வெளிவந்த அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. நாம் அதனைப் பார்த்தவர்களின் நினைவிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும்தான் அறிகிறோம். பேய்ப் படமே ஆவியாகிவிட்டது!

பார்க்காத படத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். அச்சத்தைப் பொறுத்தவரை பார்க்காததற்கே வலிமை அதிகம். நம் பெரியவர்கள் பொந்தியானாக்கின் அழுகையைப் பற்றிச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அழுகை உரக்கக் கேட்டால் அவள் தொலைவில் இருக்கிறாள். மெல்லக் கேட்டால் அருகில் இருக்கிறாள். நம் செவி அறிந்த உண்மையை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது இது. சம்பங்கி மணம் வீசினாலும் அப்படியே. இனிய மணமே ஆபத்தின் அறிகுறியாகிவிடுகிறது. ஹாலிவுட்டில் 1942இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்னும் படத்தைத் தயாரித்த வால் லூட்டனிடம் பெரும் பணம் இல்லை. ஆகவே, நீச்சல் குளத்துச் சுவரில் அசையும் நிழலையும் ஓர் உறுமலையும் மட்டுமே வைத்துப் பார்வையாளரை நடுங்கவைத்தனர். 1975இல் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' படம் எடுத்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமல் இசையாலேயே அதன் வருகையை உணர்த்தினார்கள். அந்தப் பழுது படத்திற்கு வாய்த்த நற்பேறு என்றே கூறவேண்டும். 'பொந்தியானாக்' குழுவினர் இவ்வழியில் செல்லவில்லை. அழகிய மரியா மெனாடோவை ஒப்பனையால் கோரமாக்கி நேரே காட்டினர். அக்காலத்தில் அதுவே பெரும் ஈர்ப்பு. ஆயினும், இன்று அப்படத்தைப் பற்றிப் பேசும் முதியோர்கள் ஒப்பனையை விடப் பாம்புக்கடியைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் கேட்ட அளவில் அப்படித்தான்.

எவ்வகைப் படத்தை மக்கள் விரும்புகிறார்கள்? காலந்தோறும் சுவை மாறியுள்ளது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2004இல் ஷுஹைமி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' அப்பேயை மீண்டும் மலேசியத் திரைக்குக் கொண்டுவந்தது. 2007இல் 'ஜாங்கான் பண்டாங் பெலக்காங்' வந்து வசூலில் பெருவெற்றி பெற்றது. 2010இல் மாமாட் காலிட் 'ஹந்து காக் லிமா பாலிக் ரூமா' எடுத்தபோதோ, மக்கள் பேயைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தனர். தமிழகத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் இதுவே நிகழ்ந்தது. 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', 2014இல் 'அரண்மனை' என்று பேயும் நகைச்சுவையும் கைகோத்து வந்தன. இது புதுமை என்று பலர் எழுதினர். நான் ஒப்பமாட்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடும் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடும் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும், பேயை வைத்துச் சிரிக்கத் தமிழனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று. குடும்பத்தோடு அரங்கிற்குச் செல்பவர்கள் இவ்வகையையே நாடுகின்றனர். என் மாணவர்களில் பையன்கள் குருதி தெறிக்கும் படங்களைப் பார்த்ததாகப் பெருமை பேசுவார்கள். ஆனால் கூடாரத்தில் படுத்தபின் அவர்களை நடுங்கவைப்பது அப்படங்கள் அல்ல, மெல்லக் கேட்கும் அழுகைதான்.

இனி, என் காரணத்திற்கு வருகிறேன்.

என் பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவதுண்டு. தமிழ்ப் படமோ மலாய்ப் படமோ, பாய் கொண்டுபோய் முதல் வரிசையில் இடம்பிடிப்பவர் பாட்டி. பொந்தியானாக் படம் வந்த இரவு மட்டும் அவர் போகவில்லையாம். வாசற்கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாராம். பயம் என்று ஊரார் கேலி செய்தனர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது நானும் அப்படியே கேலி செய்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். அவருடைய தங்கை தலைப்பிரசவத்தில் அதே லயத்தில் மாண்டவள். குழந்தையும் பிழைக்கவில்லை. மருத்துவமனை தொலைவு, லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில நாள்களிலேயே, கடைசி வரிசை ரப்பர் மரங்களுக்கிடையில் வெள்ளையாய் ஏதோ நின்றதைப் பார்த்ததாக யாரோ கிளப்பிவிட்டனர். பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் அந்த வரிசையைத் தவிர்த்தனர். மாரியம்மன் கோயில் பூசாரியை அழைத்து ஆணி அடிக்கவேண்டும் என்றுகூடப் பேச்சு எழுந்ததாம்.

"என் தங்கச்சிய எல்லாரும் பேயின்னு சொன்னாங்கடா, ஐயா. அவ எறும்பக்கூட மிதிக்கமாட்டா" என்று பாட்டி அழுதார்.

1957இல் மலாயாவில் ஒவ்வொரு நூறாயிரம் உயிர்ப் பிறப்புக்கும் ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தனர். பின்னாளில் கிராமந்தோறும் மருத்துவச்சிகளும் சிற்றூர் மருந்தகங்களும் வந்து, அந்த எண்ணிக்கை 30க்கும் கீழே இறங்கியது. அந்நாளில் திரை முன் அமர்ந்திருந்தவர்களில் மகப்பேற்றில் ஒருத்தியையேனும் இழக்காத குடும்பம் எத்தனை இருந்திருக்கும்? வெள்ளுடைப் பெண் திரையில் தோன்றியபோது அவர்களில் பலர் அறிமுகமான முகம் ஒன்றைத்தான் கண்டிருப்பார்கள்.

பாசறையில் மாணவர்களிடம் நான் அழுகையையும் சம்பங்கியையும் சொல்லி முடித்துப் பாட்டியின் தங்கையிடம் வருவதற்குள் விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது. பாதிக் கதையோடு பிள்ளைகளைப் படுக்க அனுப்பியது என் பிழை. அந்தத் தாயாரிடம் இதனைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் மாமியாரும் தோட்டத்தில் இப்படி ஒரு கதை சொல்வார் என்றும், அதை முழுதாகக் கேட்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை என்றும் கூறினார். மறுநாள் அவருடைய மகள் என் மேசையருகே வந்து நின்று, "சார், அந்தப் பாட்டியோட தங்கச்சி பேரு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.