தண்ணீர்ப் போத்தல் மூடியில் ஒரு விளக்கு

சைக்கிளில் செல்பவர்களுக்கென்று விற்கப்படும் சிறு சாமான்களில் பல, வாங்கிய மாதத்திலேயே மேசை லாச்சிக்குள் போய்விடுபவை. இங்கு நான் எழுதப்போவது, அப்படிப் போகாமல் இரண்டு குளிர்காலங்களாக என்னோடு வந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி: உள்ளே விளக்குப் பொருத்திய தண்ணீர்ப் போத்தல் மூடி. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் இலண்டனில், வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறவன் என்ற முறையில் இதைப்பற்றி எழுதுகிறேன். இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பிரித்துச் சொல்வதே நோக்கம்.

சாதனம் எளிமையானது. சைக்கிள் போத்தலின் வழக்கமான மூடிதான். அதன் அடிப்புறத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, ஒன்றிரண்டு எல்.ஈ.டி. விளக்குகள். அவற்றுக்கு மேலே தண்ணீர் புகாத சிறு அறையில் ஒரு பற்றரி. வெளியே ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் போத்தல் முழுவதும் ஒரு கூண்டு விளக்குப்போல ஒளிரும். சைக்கிள் சட்டத்தின் நடுவே, இரண்டு கால்களுக்கும் இடையில், 64 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு திருகாணிகளில் மாட்டிய கூட்டுக்குள் போத்தல் நிற்கிறது. அதனால் வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் போவதைவிட இரு பக்கங்களுக்குமே அதிகம் போகிறது. இந்தச் சாதனத்தின் பெறுமதி முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

தண்ணீரும் வெளிச்சமும்: ஒரு பழைய உறவு

தண்ணீருக்கும் சைக்கிள் விளக்குக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. முன்சக்கரம் ஆளுயரம் இருந்த காலத்து சைக்கிள்களில், சக்கரத்தின் அச்சிலேயே எண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டார்கள். பேர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் லூக்காஸ் 1870களின் இறுதியில் 'கிங் ஒஃப் த ரோட்' என்ற பெயரில் விற்ற விளக்கு அவ்வகையில் புகழ்பெற்றது. அடுத்து வந்தது காபைட் விளக்கு. அதில் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல்சியம் காபைட். தண்ணீர் சொட்டுச்சொட்டாக விழும்போது அசற்றலீன் வாயு உண்டாகும். அந்த வாயுதான் எரியும். சொட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் வெளிச்சமும் கூடிக் குறையும். ஆக, நூறு வருடங்களுக்கு முன்னர் சைக்கிள் ஓட்டியவர்கள் விளக்குக்காகவே தண்ணீர் கொண்டுபோனார்கள்.

பின்னர் வந்த டைனமோவை நம்மில் பலர் அறிவோம். ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் அந்தச் சாதனத்துக்கு, அதன் வடிவத்தைக் கொண்டு ஆங்கிலத்தில் 'போத்தல் டைனமோ' என்றே பெயர். வழக்கமான அளவு 6 வோல்ற், 3 வாற். அதில் 2.4 வாற் முன்விளக்குக்கும் 0.6 வாற் பின்விளக்குக்கும் போகும். 1990இலிருந்து மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில் அந்த டைனமோவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. சைக்கிளை நிறுத்திவைத்து, பெடலைக் கையால் சுற்றி, வானொலியில் செய்தி கேட்டோம். அறையில் எரிந்தது, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. போத்தல், வெளிச்சம், சைக்கிள் மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருந்த காலம் அது. அந்தத் தலைமுறைக்கு ஒளிரும் போத்தல் அந்நியமான பொருளாக இருக்க முடியாது.

டைனமோவின் பெரிய குறை, சக்கரம் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும் என்பது. சந்தியில், நடுவீதியில், வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும்போதுதான் வெளிச்சம் மிகத் தேவை. அந்த நேரத்தில்தான் அது அணைந்திருக்கும். பிற்காலத்தில் மின்சாரத்தைச் சிறிது சேமித்துவைக்கும் கொள்ளளவியை உள்ளே வைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். எல்.ஈ.டி. வந்ததும் கதை மாறியது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.ஈ.டி. உருவானது. நீல ஒளிமேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு வைத்து வெள்ளை ஒளி பெற்றார்கள். அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். ஒரு போத்தல் மூடிக்குள் விளக்கையும் பற்றரியையும் அடக்க முடிந்ததும் இதனால்தான்.

போத்தல் எப்படி ஒளிர்கிறது?

வெளிச்சம் மூடியில் மட்டும் இருக்க, அடிவரை போத்தல் ஏன் ஒளிர்கிறது? இதற்கு விடை பள்ளிக்கூடப் பௌதிகவியலில் இருக்கிறது. தண்ணீரின் முறிவுச்சுட்டி 1.33. தண்ணீருக்குள் போகும் ஒளிக்கதிர் வெளியேறும் பரப்பில் ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சரிந்து பட்டால் வெளியே போகாது, முழுவதுமாக உள்ளே தெறிக்கும். முழு அகத்தெறிப்பு என்று படித்தோமே, அதுதான். 1841இல் ஜெனீவாவில் கொலடன் என்ற அறிஞர், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி, ஒளியும் நீரோடு வளைந்து போவதைக் காட்டினார். இன்றைய ஒளியிழைக் கம்பிகளுக்கு மூதாதை அந்த நீர்த்தாரை.

மூடியிலிருந்து கீழே போகும் ஒளியும் போத்தல் சுவரில் மிகச் சரிந்தே படுகிறது. ஆகவே கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் போத்தலானால், ஒளியின் பெரும்பகுதி சுவருக்குச் சுவர் தெறித்து அடிக்குப் போய்விடும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் சைக்கிள் போத்தல்கள் பெரும்பாலும் பிழிந்து குடிக்கக்கூடிய, பால்போல் மங்கிய பொலித்தீனால் செய்யப்படுபவை. அந்தச் சுவர் ஒளியைச் சிதறடிக்கிறது. தண்ணீர் ஒளியை அடிவரை கொண்டுசெல்ல, மங்கிய சுவர் அதை எல்லாப் பக்கமும் பரப்புகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு.

குசினியில் வெளிச்சத்தை அணைத்துவிட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான் தெளிவான போத்தலில் ஒரு முறையும் மங்கிய போத்தலில் ஒரு முறையும் பார்த்தேன். தெளிவானதில் அடி மட்டும் பளிச்சிட்டது. அதற்குள் சில துளி பால் விட்டதும் முழுப் போத்தலும் ஒளிர்ந்தது. மங்கியதில் பால் தேவைப்படவில்லை. வாங்க நினைப்பவர்கள் மூடியை மட்டுமல்ல, அது எந்தப் போத்தலில் ஏறப்போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். கறுப்பு நிறப் போத்தலானால் பணம் வீண்.

பக்கவாட்டு இருள்

இனி, இது தேவைதானா என்ற கேள்வி. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் இருக்கும்போது மூன்றாவது எதற்கு?

முன்விளக்கும் பின்விளக்கும் ஒரே கோட்டில் வருபவர்களுக்கானவை. நல்ல முன்விளக்கு ஒளியை ஒரு கற்றையாகக் குவிப்பதால் பக்கத்துக்கு மிகக் குறைவாகவே கசிகிறது. ஆனால் சைக்கிள்காரர் மோதப்படும் இடங்களில் பெரும்பாலானவை சந்திகளும் அவற்றின் அண்டையுமே. பக்கவீதியிலிருந்து ஒரு கார் எட்டிப் பார்க்கிறது. அதன் சாரதிக்குச் சைக்கிளின் பக்கத் தோற்றந்தான் தெரியவேண்டும்.

இந்த இடத்தில் பலர் சக்கரத்தில் இருக்கும் தெறிப்பான்களை நம்புகிறார்கள். தெறிப்பான் தானாக ஒளிர்வதில்லை. தன்மேல் பட்ட வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. கார் விளக்கோ நேராக முன்னோக்கியே அடிக்கிறது. குறுக்கே வரும் சைக்கிள் அந்தக் கற்றைக்குள் நுழையும்வரை தெறிப்பான் இருண்டே இருக்கும். நுழைந்த பின்னர் அது மின்னும், ஆனால் அப்போது நேரம் போயிருக்கும். மணிக்கு 30 மைல் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் 13 மீற்றர் போகிறது. அந்த வேகத்தில் நிற்க 23 மீற்றர் தேவை என்கிறது பிரித்தானிய வீதி விதிநூல். ஆகவே, எவருடைய விளக்கும் படாமல் தானாகவே ஒளிரும் ஒன்று பக்கத்தில் இருப்பதில் பொருள் உண்டு.

வெளிச்சத்தைவிட அசைவு முக்கியம் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் தெறிக்கும் மேலங்கியோடு முழங்காலிலும் கணுக்காலிலும் தெறிக்கும் பட்டி கட்டியவர்களை நூற்றுக்கு 90 தடவை சாரதிகள் அடையாளம் கண்டார்கள். தெறிக்கும் மேலங்கி மட்டும் அணிந்தபோது அது 50. பகலில் பளிச்சிடும் சாதாரண மேலங்கிக்கு 15. கறுப்பு உடைக்கு 2. மேலும் கீழும் போகும் இரண்டு புள்ளிகளைக் கண்டதும், 'இது மனிதன், பெடல் மிதிக்கிறான்' என்று மூளை புரிந்துகொள்கிறது.

போத்தல் விளக்கு இதற்கு ஒரு சிறு துணை செய்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் கால் போத்தலைக் கடந்து மறைக்கிறது. வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கால் நிழலாக ஏறி இறங்குவது தெரிகிறது. என் மகனை வீட்டு முன்வீதியில் ஓட்டவிட்டு, எதிர்ச்சுவரோரம் நின்று நான் இதைப் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சந்தான், ஆனால் அது சைக்கிள் என்பதில் சந்தேகம் வராது.

டென்மார்க்கின் ஒடென்ஸ நகரில் 2004-2005இல் 3,845 சைக்கிள்காரர்களைக்கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. காந்தத்தால் இயங்கி இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குப் பூட்டியவர்களுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் மற்றவர்களைவிட 19 வீதம் குறைவு என்று 2013இல் வெளியான அதன் முடிவு சொல்கிறது. அது முன்பின் விளக்குகளைப் பற்றியது, போத்தலைப் பற்றியதல்ல. ஆனால் போடவும் அணைக்கவும் மறந்துபோகாத விளக்கே நல்ல விளக்கு என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

போத்தல் விளக்கு எந்த நாட்டிலும் சட்டப்படியான விளக்குகளுக்கு மாற்று ஆகாது. பிரித்தானியாவில் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின்னால் சிவப்புத் தெறிப்பான் மூன்றும் வேண்டும். 1985 ஒக்டோபருக்குப் பின் தயாரான சைக்கிளானால் பெடல்களில் செம்மஞ்சள் தெறிப்பான்களும் வேண்டும். மின்னி மின்னி எரியும் விளக்கு 2005இலிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது. முன்னால் சிவப்பும் பின்னால் வெள்ளையும் காட்டக்கூடாது. போத்தலோ எல்லாத் திசைக்கும் ஒளிர்வது. எனவே நான் மஞ்சள் நிறத்தையே வைத்திருக்கிறேன். பெடலிலும் சக்கரத்திலும் பக்கத்துக்கென்று ஐரோப்பாவில் பழகிய நிறமும் அதுதான்.

ஜேர்மனியில் இருக்கும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அங்கு 2013வரை டைனமோ கட்டாயமாக இருந்தது. அதன்பின் பற்றரி விளக்குகளையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சைக்கிளில் பூட்டும் விளக்குகள் அங்கீகாரம் பெற்று, அலைக்கோட்டோடு 'கே' எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். சைக்கிளில் மின்னும் விளக்கும் கூடாது. பக்கத்துக்கு மஞ்சள் தெறிப்பான்கள் அல்லது சக்கரத்தைச் சுற்றி வெள்ளைத் தெறிப்பு வளையம் என்பதே அங்குள்ள ஏற்பாடு. அலங்கார வெளிச்சம் அங்கே தண்டனைக்கு வழியாகலாம்.

பற்றரியும் பாதுகாப்பும்

இத்தகைய மூடிகளில் பல, 'சி.ஆர். 2032' என்ற நாணய வடிவப் பற்றரியில் இயங்குகின்றன. 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ற், ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி. விளக்கு 5 மில்லி அம்பியர் எடுத்தால் கணக்குப்படி நாற்பது மணித்தியாலங்களுக்கு மேல் வரவேண்டும். குளிரில் அது குறையும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. இது வாயில் வைத்துக் குடிக்கும் பொருள். நாணயப் பற்றரியைச் சிறு குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கிவிடும். உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அப்படி இறந்த ஒரு குழந்தையின் பெயரால் 2022இல் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது. ஆகவே பற்றரி அறை நகத்தால் திறக்கக்கூடியதாக இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். திருகாணியால் பூட்டியிருக்கவேண்டும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

அடுத்தது சுத்தம். எல்.ஈ.டி.யைச் சுற்றியுள்ள இடுக்கிலும் இறப்பர் வளையத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். பொதியில் 'ஐ.பி.எக்ஸ். 4' என்று இருந்தால் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும் என்று பொருள். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணிநேரம் தாங்கும். கழுவவேண்டிய மூடிக்குப் பின்னதே பொருத்தம். நான் தண்ணீரைத் தவிர வேறெதையும் அந்தப் போத்தலில் விடுவதில்லை. இனிப்புப் பானம் விட்டால் இரண்டு நாளில் மணக்கத் தொடங்கிவிடும்.

சுருக்கமாக

போத்தல் மூடி விளக்கால் வழி தெரியாது, அது சட்டத்தையும் நிறைவேற்றாது. முதலில் நல்ல முன்விளக்கும் பின்விளக்கும் வாங்குங்கள். அடுத்து கணுக்காலுக்குத் தெறிப்புப் பட்டி, அது மலிவு, பயனோ பெரிது. அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால், மங்கிய போத்தலில் ஏறக்கூடிய, திருகாணி பூட்டிய, மஞ்சள் ஒளி தரும் மூடி ஒன்றை வாங்கலாம். சந்தியில் கால் ஊன்றி நிற்கும்போது, பக்கத்து வீதியிலிருந்து திரும்பும் ஒரு சாரதி இங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்பதை அரை விநாடி முன்னதாகக் கண்டுகொண்டால், அதன் வேலை முடிந்தது. 30 மைல் வேகத்தில் அந்த அரை விநாடி ஏழு மீற்றர் தூரம்.