பணம் கட்டிட்டுக் காத்திருக்கலாமா?

நடுவர் அவர்களே! "புது மின்சாரக் காருக்கு இப்பவே பணம் கட்டுங்க" என்கிறார் எதிரணி நண்பர். வீட்டில் என் மகனும் அதையேதான் சொல்கிறான். கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

எழுபதுகளில் இதே புதுச்சேரியில் எங்க அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு பண்ணினார். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அன்று டெல்லிதான் தீர்மானிக்கும். அந்நியச் செலாவணி கட்டினால் வரிசையைத் தாண்டலாம். பிரான்சில் பிள்ளை இருந்த பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் நின்றது. எங்க அப்பா சைக்கிளைத் துடைத்தார்! வண்டி வந்தபோது அவர் ரிடையராகி மூணு மாசம்.

1983-ல் மாருதி 800. முன்பணம் 10,000 ரூபாய். டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்பவருக்கு முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள், கார் வந்தது. ஏன்? குர்கானில் தொழிற்சாலை நின்றது ஐயா!

2016-ல் டெஸ்லா மாடல் 3. நம்மவர்களும் 1,000 டாலர், அன்றைக்கு ஏறக்குறைய 66,000 ரூபாய், கட்டினார்கள். பேடிஎம் விஜய் சேகர் சர்மாவும் கட்டினார். இங்கே தொழிற்சாலை கிடையாது. இறக்குமதி வரியோ மலை மாதிரி. ஒன்பது வருஷம்! 2025-ல் பணத்தைத் திருப்பினார்கள். அந்த ஜூலையில் மும்பையில் கடை திறந்தார்கள், விற்க வந்ததோ மாடல் ஒய். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வேற, மணமேடைக்கு வந்தவர் வேற!

மகனிடம் கேட்டேன்: "நீ சொல்ற காரை எங்கடா செய்யறான்?"

"தூத்துக்குடியிலப்பா. வின்ஃபாஸ்ட். 2025 ஆகஸ்டுலயே ஆலை திறந்தாச்சு."

"அப்படின்னா நேர்ல ஓட்டிப் பார்த்துட்டு வா, அப்புறம் கட்டலாம்" என்றேன். நேற்று ராத்திரி பஸ் ஏறிட்டான்.