மீன ராசியின் மங்கலான சுருள்

கோடிக்கணக்கான விண்மீன்கள் சுருள்கரங்களாகத் திரண்ட எம்74 என்னும் பேரடையை 1780இல் பியேர் மெஷேன் கண்டறிய, சார்ல் மெசியே அதனைச் சரிபார்த்துத் தம் பட்டியலில் சேர்த்தார். மீன ராசியிலுள்ள இப்பேரடை நமக்கு முழுவட்டமாக முகங்காட்டி நிற்பதால் அதன் ஒளி பரந்து சிதறி, மேற்பரப்புப் பொலிவு, அதாவது வானின் சிறு பரப்பொன்றிலிருந்து வரும் ஒளியின் அளவு, மிகக் குறைந்துவிடுகிறது. தேர்ந்த நோக்கரான ஜான் ஹெர்ஷலே இதனைக் கோள வடிவ விண்மீன் கொத்து என்று கருதினார் என்பது, இதைக் காண்பதன் அருமையை உணர்த்தும். அயர்லாந்தின் பிர் கோட்டையில் ராஸ் பிரபு தம் சொந்தச் செலவில் நிறுவிய 72 அங்குல ஆடித் தொலைநோக்கி, 1845இல் எம்51 என்னும் பேரடையிலும் பின்னர் எம்74இலும் சுருள் வடிவைப் புலப்படுத்தியது. ஊதியத்துக்கன்றி ஆர்வத்தால் உழைத்த ஒருவர் அடைந்த மகத்தான வெற்றி அது.

1960களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சன், ஒட்டுப்பலகையும் அட்டைக்குழாயும் கொண்டு பெரிய தொலைநோக்கி ஆடிகளை மலிவாகப் பொருத்தும் முறையை வகுத்தார். அம்முறை பரவிய பின்னரே எளிய ஆர்வலர்களும், பார்வையைச் சற்று விலக்கி விழித்திரையின் ஓரத்தால் மங்கொளியை உணரும் பழைய உத்தியைத் துணைக்கொண்டு, இருண்ட வானில் எம்74இன் சுருள்கரங்களைத் தேடத் தொடங்கினர்.