தங்காத பிள்ளைகள்: செட்டிநாட்டில் இரட்டைப் பேறும் பச்சிளங்குழந்தை இறப்பும்

செட்டிநாட்டைச் சேர்ந்த, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் தேவாரப் பாடல் பெற்ற திருத்தளிநாதர் கோயிலையும், 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் இவ்வூரில் தூக்கிலிடப்பட்டதையும், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வணிக எழுச்சியையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் வீடுகளுக்குள் நிகழ்ந்த வரலாறு ஒன்றும் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரமும், அத்துயரத்தைச் சமூகம் கையாண்ட விதமும் அதன் முக்கியமான பகுதிகளாகும். ஈமச்சடங்குகளில் இடம் பெறாத அந்தத் துயரம் பெயர் சூட்டுதலிலும் நேர்த்திக்கடனிலும் மருத்துவச்சியின் கைமுறையிலும் தங்கி நின்றது என்பதையும், இரட்டைக் குழந்தைகளில் ஒன்று பிழைத்து ஒன்று மறைந்த தாய்க்கு மட்டும் இந்த வழிகளும் பெரும்பாலும் அடைபட்டிருந்தன என்பதையும் இவ்வட்டார வழக்கங்கள் காட்டுகின்றன.

இறந்த குழந்தைக்குரிய மரியாதை பற்றிய சான்றுகள் பழமையானவை. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் 2020இல் நடந்த அகழாய்வில் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரியவர்கள் அடக்கம் செய்யப்பட்ட அதே நிலத்தில் சிறாருக்கும் இடம் இருந்தது என்பதை இது உணர்த்துகிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகத் தொகுக்கப்பட்டுள்ள புறநானூற்றின் 74ஆம் பாடல், மறக்குடியில் இறந்து பிறந்த குழந்தையையும் உருப்பெறாத தசைப் பிண்டத்தையும்கூட வாளால் வெட்டி அடக்கம் செய்யும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. இன்றைய வாசகருக்கு இது கொடுமையாகத் தோன்றினாலும், பிறந்தது பிண்டமே ஆயினும் அதைக் குடியின் முழு உறுப்பினராகவே கருதி வீரனுக்குரிய சாவை அதற்கும் வழங்கும் எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. பல் முளைக்காத குழந்தையை எரிக்காமல் புதைப்பதும், பாடையோ கொட்டோ இல்லாமல் துணியில் சுற்றிக் கையில் ஏந்திச் செல்வதும், பதினாறாம் நாள் காரியமும் ஆண்டுத் திதியும் செய்யாமல் விடுவதும் தமிழகத்தின் பல சமூகங்களில் வழக்கமாயின. பெண்கள் பொதுவாக இடுகாட்டுக்குச் செல்லாததால், குழந்தை எங்கே புதைக்கப்பட்டது என்பதைத் தாய் பார்க்கும் வாய்ப்பும் அரிது. தலைப்பேறு தாய்வீட்டில் நிகழ்வதே மரபாதலால், இழப்பை முதலில் தாங்கியவர்கள் தாயும் அவளைப் பெற்றவளும் மருத்துவச்சியுமே ஆவர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மருத்துவச்சியர் பெரும்பாலும் மருத்துவர் எனப்படும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். "சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது" என்ற பழமொழியில் வரும் சாப்பிள்ளை என்பது இறந்து பிறக்கும் குழந்தை. இத்தகைய பிறப்பு பழமொழியில் இடம்பெறும் அளவுக்குப் பரவலாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று. தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுத்ததால் உண்டான பச்சிளங்குழந்தை ரணஜன்னி, பிறந்த சில நாட்களிலேயே வலிப்பை ஏற்படுத்திப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரட்டைப் பேற்றில் இடர் மேலும் மிகுதி. குறைமாதத்தில் பிறந்து எடை குறைந்த இரு குழந்தைகளுக்கும் உடற்சூடு நிலைப்பதில்லை என்பதோடு, முதற்குழந்தை வெளிவந்தபின் இரண்டாவது குழந்தை குறுக்காகத் திரும்பிக்கொள்வதும் அதன் தொப்புள்கொடி முன்னே சரிந்து நசுங்குவதும் நேர்வதால், அறுவை வசதி இல்லாத வீட்டுப் பேற்றில் பின்னால் பிறக்க வேண்டிய குழந்தையே அதிகமாகப் பலியாயிற்று.

குழந்தை இறந்தபின் தாயின் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். அந்த வலியைத் தணிக்க மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் கைவைத்தியம் தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பால் சுரப்பைக் குறைக்கும் மருந்தான புரோமோகிரிப்டினோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டு 1988இல் வெளியான மருத்துவ ஆய்வு, பூவுக்கும் அந்தப் பயன் உண்டு என்று கண்டது. இரட்டையரில் ஒன்றை இழந்த தாய்க்கோ இந்தக் கைமுறையும் உதவாது, ஏனெனில் உயிரோடிருக்கும் குழந்தைக்கு அந்தப் பால் வேண்டும். ஒரு பிள்ளைக்காக அழும் நேரத்திலேயே மற்றொரு பிள்ளையை அவள் மார்போடு அணைத்தாக வேண்டும். "ஒன்றாவது தங்கியதே" என்று சுற்றத்தார் கூறும் ஆறுதல் அன்பிலிருந்து பிறந்ததுதான் என்றாலும், போன பிள்ளைக்காக அழும் உரிமையை அது அவளிடமிருந்து பறித்துவிடுகிறது.

பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும், மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றும் பெயரிடுவது வழக்கம். அண்டை வீட்டாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்குவதும் உண்டு. எமனின் கண்ணுக்கு அப்பிள்ளை மதிப்பற்றதாகத் தோன்ற வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். கூடவே, அந்தப் பெயரை அழைக்கும் ஒவ்வொரு முறையும் முன்னே போன பிள்ளைகளின் நினைவும் பெயரிடப்படாமலே வீட்டில் நிலைபெற்றது.

திருப்பத்தூரை அடுத்த திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் மாசித் தெப்பத்திருவிழா இதே ஏக்கத்தின் பொதுவெளி வடிவமாகும். பிள்ளைப்பேறு வேண்டுவோர் குளக்கரையில் ஏற்றிய விளக்கொன்றை எடுத்துச் சென்று, காசும் துளசியும் சேர்த்து மூடி வீட்டில் வைத்து வழிபட்டு, வேண்டுதல் நிறைவேறியபின் அடுத்து வரும் மாசியில் மீண்டும் கரைக்கு வந்து விளக்கேற்றுகின்றனர். நகரத்தாரிடையே பிள்ளை கூட்டுதல் எனப்படும் சுவீகாரம் முறையான சடங்காக நிலைத்ததற்கும், வாரிசு தங்காத வீடுகள் பல இருந்தமை ஒரு காரணமாகும்.

இவை யாவும் அடுத்த பிள்ளையை நோக்கியவை. மறைந்த பிள்ளைக்கென்று தனியே எதுவும் செய்யப்படவில்லை. இரட்டைப் பிறப்பு மிகுந்த நைஜீரியாவின் யொரூபா மக்களோ, இரட்டையரில் ஒருவர் இறந்தால் இபெஜி எனப்படும் மரச்சிற்பத்தைச் செதுக்கச் செய்து, உயிருள்ள குழந்தையைப் போலவே அதைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டிப் பேணினர். தாய் இரு பிள்ளைகளுக்குத் தாயாகவே நீடிக்க அந்தச் சமூகம் வழி அமைத்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறப்பின் அளவே குறைந்தது. தமிழகத்தில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், கிராம சுகாதாரச் செவிலியர், தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு ஆகியவை ஒன்றுசேர்ந்ததன் விளைவாக, மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2020இல் ஆயிரம் பிறப்புக்கு மாநிலத்தின் சிசு மரணம் 13 ஆகவும் நாட்டின் அளவு 28 ஆகவும் இருந்தன. 1971இல் நாட்டின் அளவு 129. தாய், பச்சிளங்குழந்தை ஆகியோருக்கு வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. சிவகங்கையில் 2012இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் உருவான கங்காரு பராமரிப்பு, அதாவது எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துச் சூடு காக்கும் முறை, இரட்டையருக்கும் உதவுகிறது.

சட்டமும் மெல்ல வழிவிட்டுள்ளது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி சில நிமிடங்களே வாழ்ந்த குழந்தைக்கும் பிறப்பும் இறப்பும் தனித்தனியே பதிவாக வேண்டும். குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தாலோ மைய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு வழங்கும் ஆணை 2022 செப்டம்பரில் வெளியானது. இரட்டையரில் ஒன்று எஞ்சிய வீட்டில் இத்தகைய அங்கீகாரத்தின் தேவை இன்னும் மிகுதி. முன்பு ஊரில் பல வீடுகளுக்குப் பொதுவாக இருந்த இழப்பு இன்று அரிதாகிவிட்டதால், அதை அடையும் தாயும் தந்தையும் முன்னிலும் தனிமைப்படுகின்றனர். ஆகவே மறைந்த குழந்தைக்குப் பெயரிட்டு, பெற்றோர் அதைப் பார்த்து ஏந்தி வழியனுப்ப இடங்கொடுத்து, பிழைத்த பிள்ளை வளர்ந்தபின் தன்னுடன் பிறந்தவரை அறியச் செய்வது குடும்பமும் மருத்துவமனையும் ஊரும் சேர்ந்து ஏற்க வேண்டிய கடமையாகும்.