ஆர்மோனியமும் வில்லும்

ராதாபுரம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் இசை என்பது ஆர்மோனியமோ கீபோர்டோ ஆகிவிடுகிறது.

ஆர்மோனியத்தைக் குறைசொல்ல முடியாது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தை மோகன ராகத்தில் 55 விநாடியில் பாட வேண்டும். நூறு பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் தொடங்காமல் இழுத்துப் பிடிக்க ஆர்மோனியத்தைவிட எளிய கருவி கிடையாது. அதன் குறையும் பழைய கதைதான். கட்டைக்குக் கட்டை தாவும், சுரத்தை அசைக்கும் கமகம் வராது. அகில இந்திய வானொலி 1940இல் அதை ஒதுக்கிவைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1971 வரை தடை தளரவில்லை. பள்ளிகள் அந்தத் தடையைக் கண்டுகொள்ளவே இல்லை, நல்லவேளை.

எனக்கு உறுத்துவது வேறு. ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர். மற்றவர்கள் பாடலாம், கருவியைத் தொட முடியாது. வில்லிலோ வில், வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை என்று வேலை பிரிந்து கிடக்கிறது. புலவர் கதை சொல்லி வீசுகோலால் நாணைத் தட்ட, குடக்காரர் பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயை அடிக்க, பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போட்டுக் கதையை நகர்த்துவார். குரல் வராத பையனுக்கும் கட்டை இருக்கிறது. எங்கே நிறுத்துவது, எப்போது அடுத்தவருக்கு விடுவது என்ற காலக்கணக்கைக் கை தானே பழகிவிடும்.

உடுக்கை அருள்வாக்கோடு ஒட்டியது, எல்லா மதப் பிள்ளைகளும் உள்ள வகுப்புக்கு ஆகுமா என்று கேட்பார்கள். நியாயமான தயக்கம். ஆனால் காந்தி கதையும் பைபிள் கதையும் வில்லில் ஏறியவைதான். ராதாபுரம் இருக்கும் இதே மாவட்டத்தில் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டைச் சமூகச் செய்திக்கான மேடையாக்கி 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தையே வில்லில் சொல்லிப் பார்க்கலாம்.

சொல்லித்தர ஆள் வேண்டுமே என்பதுதான் உண்மையான சிக்கல். ஆர்மோனியத்துக்கு இசைப்பள்ளியில் படித்தவர் கிடைப்பார். வில்லுக்காரர்களுக்குக் கொடை மேடைதான் பள்ளி. சான்றிதழ் கேட்டால் என்ன காட்டுவார்கள்? கொடை இல்லாத மாதங்களில் மதிப்பூதியம் கொடுத்து அவர்களை வகுப்புக்கு அழைக்கலாம். காலை வழிபாட்டுக்கு ஆர்மோனியம் இருந்துவிட்டுப் போகட்டும்.