குக்கீ: சீட்டும் பேரேடும்

ஆன்டிவைரஸ் சோதனை ஓடி முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வருகிறது. 'டிராக்கிங் குக்கீ' என்று வரிசையாக முப்பது, நாற்பது. என் வயது நண்பர்கள் பலர் இதைப் பார்த்து, கம்ப்யூட்டருக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென்று பயப்படுகிறார்கள். பயந்து காசு கட்டியவர்களும் உண்டு. குக்கீ நோய் இல்லை. அதற்காக அதை அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும்.

இணையதளங்களுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் யாரென்று மறந்திருக்கும். ஒவ்வொரு தாளை நீட்டும்போதும் "யாரப்பா நீ?" என்று முதலிலிருந்து கேட்கும் கவுன்ட்டர் குமாஸ்தாவைப் போல. இப்படியிருந்தால் இணையத்தில் கடை வைக்க முடியாது.

1994-ல் கலிஃபோர்னியாவில் நெட்ஸ்கேப் கம்பெனி பிரவுசர் தயாரித்துக்கொண்டிருந்தது. எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை அமைக்கும் வேலை அவர்களிடம் வந்தது. பாதி வாங்கி நிறுத்தியவர்களின் கணக்கைத் தன் கம்ப்யூட்டர்களில் சேர்த்து வைக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. லூ மொன்டுல்லி என்ற இளம் பொறியாளர் வழி சொன்னார்: விவரத்தைச் சிறு சீட்டாக எழுதி வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிடலாம், மறுபடி வரும்போது பிரவுசர் அதைக் காட்டட்டும். யூனிக்ஸ்காரர்களிடம் 'மேஜிக் குக்கீ' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதிலிருந்து குக்கீ என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான பிரவுசரில் அது இடம்பெற்றது.

ஆக, குக்கீ என்பது சில வரி எழுத்து மட்டுமே. அது புரோகிராம் அல்ல. தானாக ஓடாது, ஃபைலை அழிக்காது, அடுத்த கம்ப்யூட்டருக்குத் தொற்றாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஒரே எண் கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. மொன்டுல்லி அதை ஒதுக்கினார். ஒரே எண் இருந்தால் எல்லாத் தளங்களும் ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதுதான் காரணம். அதனால் எந்தத் தளம் சீட்டைக் கொடுத்ததோ அந்தத் தளம் மட்டுமே அதைத் திரும்பப் பார்க்கலாம் என்று விதி செய்தார்.

விதியில் ஓட்டை எப்படி விழுந்தது? ஒரு பக்கத்தில் உள்ள விளம்பரப் படம் வேறொரு கம்பெனியின் சர்வரிலிருந்து வரலாம். அந்தக் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு சீட்டைக் கொடுக்கலாம். மருந்துக் கடைச் சுவரில் ஒரு விளம்பரப் பலகை. அதன் பக்கத்தில் நிற்பவர் உங்கள் சட்டைப் பையில் எண் போட்ட சீட்டைச் செருகுகிறார். துணிக்கடையிலும் அவருடைய ஆளே நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார். நகைக்கடையிலும் அப்படியே. மாலைக்குள் உங்கள் நாள் முழுவதும் அவர் பேரேட்டில் ஏறிவிடும். நியூயார்க்கின் டபுள்கிளிக் கம்பெனி 1996 முதல் இந்தத் தொழிலில் வளர்ந்தது.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் குழு சும்மா இருக்கவில்லை. 1997 பிப்ரவரியில் வந்த குக்கீ விதிமுறையை பெல் லேப்ஸின் டேவிட் கிரிஸ்டலும் மொன்டுல்லியும் எழுதினார்கள். பயனரைக் கேட்காமல் மூன்றாம் தரப்புக் குக்கீயை ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதை நடைமுறைப்படுத்தவில்லை.

1999-ல் டபுள்கிளிக், அபாகஸ் டைரக்ட் என்ற கம்பெனியை வாங்கியது. தபாலில் பொருள் வாங்கும் கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் விலாசமும் அபாகஸிடம் இருந்தன. பெயரில்லாத எண்ணோடு பெயரும் விலாசமும் சேரப்போகிறது என்றதும் எதிர்ப்பு கிளம்பியது; அரசின் வர்த்தக ஆணையம் விசாரணை தொடங்கியது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது.

உளவு மென்பொருளைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்கள் பரவியதும் அந்தக் காலத்தில்தான். அவை டிராக்கிங் குக்கீயையும் தங்கள் பட்டியலில் சேர்த்தன, ஆன்டிவைரஸ்களும் பின்பற்றின. இப்படித்தான் எழுத்துச் சீட்டும் உண்மையான வைரஸும் ஒரே பட்டியலுக்கு வந்தன. பட்டியல் நீளமாக இருந்தால் விற்பவருக்கு லாபம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குப் பிரான்சின் பழைய விவகாரம் ஒன்று நினைவுக்கு வரும். அங்கே எல்லா அரசு அலுவலகப் பதிவுகளையும் ஒரே எண்ணால் இணைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதன் பெயர்ச் சுருக்கம் 'சஃபாரி'. 1974 மார்ச் 21 அன்று லெ மோந்த் பத்திரிகையில் ஃபிலிப் பூஷே அதைப் பற்றி எழுதினார். பெயரை வைத்தே, இது பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடுவது என்று தலைப்புக் கொடுத்தார். பெரும் சர்ச்சை எழுந்து திட்டம் கைவிடப்பட்டது. 1978 ஜனவரி 6-ல் தனிச் சட்டமே வந்து, க்னில் என்ற கண்காணிப்பு ஆணையம் பிறந்தது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். எங்கள் காலத்தில் வீட்டு வரி ரிஜிஸ்டர் ஓரிடத்தில், பிறப்பு-இறப்புப் பதிவு வேறிடத்தில், ரேஷன் இன்னோரிடத்தில் இருந்தன. மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் நாலைந்து கடிதம் போக வேண்டும். அந்தச் சிரமம்தான் மக்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரே எண் வந்தால் அந்தச் சுவர் இடிந்துவிடும். 1974-ல் பிரெஞ்சுக்காரர்கள் பயந்ததும், 1994-ல் மொன்டுல்லி தவிர்க்கப் பார்த்ததும் இதைத்தான்.

அதே க்னில்தான் 2020 டிசம்பரில், சம்மதமில்லாமல் குக்கீ வைத்ததற்காக கூகுளுக்கு 10 கோடி யூரோவும் அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. 'ஏற்கிறேன்' என்பதற்கு ஒரு பட்டன், மறுப்பதற்குப் பல படிகள் என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி என்று மறுபடியும் அபராதம். டபுள்கிளிக் 2008 முதல் கூகுளின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது.

அந்தப் பட்டியல் வந்தால் என்ன செய்வது? தாராளமாக அழித்துவிடுங்கள். சில தளங்களில் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அழிவது உங்கள் பையிலுள்ள சீட்டு மட்டும். அடுத்த முனையில் உள்ள பேரேடு அப்படியே இருக்கும். மறுநாள் புதுச் சீட்டும் வந்துவிடும். அதனால் பிரவுசர் அமைப்புக்குள் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுவது மேல். சஃபாரி பிரவுசர் 2020 முதல் தானாகவே தடுக்கிறது (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!). குரோமில் நிறுத்தப்போவதாகச் சொன்ன கூகுள் 2024-ல் அந்த முடிவைக் கைவிட்டது. அங்கே நாமேதான் தடுக்க வேண்டும். குக்கீயைக் காட்டி யாராவது போனில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரெஞ்சு அரசின் கலைச்சொல்லில் குக்கீக்கு 'தெமுவான்' என்று பெயர். சாட்சி என்று அர்த்தம். என் கேள்வி சாட்சியைப் பற்றியது இல்லை. அது சொன்னதையெல்லாம் எழுதிவைத்திருக்கும் பேரேட்டை யார் வைத்திருக்கிறார், அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா என்பதுதான். அதற்கு எந்த ஆன்டிவைரஸும் பதில் சொல்லாது. சட்டம்தான் சொல்ல வேண்டும்.